நாலு டிகிரி

டாக்டர் வீட்டு இட்லிமாவுப் பாத்திரத்தை மருந்து ஃபிரிட்ஜிலிருந்து அவசரமாக வெளியே இழுத்தாள் நர்ஸ் செண்பகவல்லி. மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு தடுப்பூசிப் பெட்டிகள் மேலெல்லாம் வழிந்திருந்தது. வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம்.

"சீக்கிரம் சிஸ்டர்! மாவு கண்ணுல பட்டுச்சோ, இன்னிக்கே கிளினிக்கை இழுத்துப் பூட்டிடுவாங்க!" டாக்டர் பூவராகன் கோட்டைத் தேடி மாட்டிக்கொண்டார்.

அவள் முந்தானையாலேயே துடைத்தாள். பாத்திரத்தை மேசைக்கடியில் தள்ளுவதற்கும் ஆய்வு அதிகாரி நுழைவதற்கும் சரியாக இருந்தது. அவர் ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. தொங்கிய தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தார்.

"நாலு டிகிரி. இப்படித்தான் டாக்டர் இருக்கணும்!"

ஜீப் கிளம்பியதும் மாடியிலிருந்து டாக்டரின் மனைவி இறங்கி வந்தாள். பாத்திரத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்ன சிஸ்டர், இப்படிப் பொங்கிக் கிடக்கு? புளிக்கக் கூடாதுன்னுதானே முந்தாநாள் அரைச்ச கையோட உள்ளே வெச்சேன்?"

செண்பகவல்லி ஃபிரிட்ஜைத் திறந்தாள். தெர்மாமீட்டரைக் கழற்றி, வியர்த்த உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்தாள். பிறகு விரித்துப் பார்த்தாள். கைச்சூட்டிலும் முள் நாலிலேயே நின்றது.

"அதான் பாஸாயிட்டோமே, விடுங்க" என்று சிரித்தார் டாக்டர்.

"நேத்து நீங்க ஊர்ல இல்லாதப்ப ஒரு பொண்ணுக்கு நாய்க்கடி ஊசி போட்டேன் சார். மருந்து இதுலேருந்துதான் எடுத்தேன்."

டாக்டரின் சிரிப்பு நின்றது. "யாரு வீட்டுப் பொண்ணு?"

அவள் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணு சார்."