கதவு எண் கட்டாயம்

“போம்மா! நான் போட மாட்டேன்னா மாட்டேன்!”

இ-சேவை சென்டர்காரம்மா போட்ட சத்தத்தில் வரிசையே நிமிர்ந்து பார்த்தது.

கரண்ட் இருக்கிறது, நெட் இருக்கிறது, கம்ப்யூட்டரும் ஓடுகிறது. ஆனாலும் மாட்டாளாம்.

மலைக்காரம்மா கவுண்டரை விட்டு நகரவில்லை. நாலு மணி நேரம் மலையிறங்கி வந்த கால். முழங்கால் வரை செம்மண்.

“மாசக் கடைசிக்குள்ள பட்டா காட்டலைன்னா இடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க தாயி. எங்க போவோம்?”

“அதுக்கு என் உயிரை ஏன் வாங்கற? சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு. கிளம்பு!”

வரிசையில் இரண்டாவதாக நின்றவருக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, நானும் அரை மணி நேரமாப் பாக்கறேன். மலையில இருந்து வந்தவங்கன்னா அவ்வளவு இளக்காரமா? பழங்குடி மக்கள் அலையக் கூடாதுன்னுதானே எல்லாத்தையும் ஆன்லைன்ல கொண்டுவந்திருக்கு! நானும் கவர்மென்ட் ஆளுதான். ஒரு புகார் எழுதினேன்னா உன் சென்டருக்குப் பூட்டு!”

“எழுதுங்க சார். ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்குவேன்.”

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

“பட்டாவுக்கு மூணு தடவை விண்ணப்பம் போட்டாச்சு. மூணும் திரும்பி வந்துடுச்சு. நாலாவதும் திரும்பினா, இவங்க ஆயுசுக்கும் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. நான் பட்டனை அமுக்கி இவங்க நிலம் போகணுமா? அதான் தாலுகா ஆபீசுக்கு நேர்ல போய்ப் பாருன்னு விரட்டறேன். போனா, ‘எல்லாம் ஆன்லைன்’னு வாசலோட அனுப்பிடறாங்களாம்.”

“எதுக்காகத் திருப்பினான்?”

“கதவு எண் இல்லையாம்.”

“எங்க வீட்டுக்குக் கதவே கிடையாதுங்க. மூங்கில் தட்டிதான்,” என்றாள் மலைக்காரம்மா.

பின்னால் யாரோ சிரித்தார்கள். கவர்மென்ட்காரர் திரும்பி முறைத்தார். சிரிப்பு நின்றது.

“ரெண்டாவது தடவை, ‘பெரிய பாறைக்கு மேக்கால மூணாவது வீடு’ன்னு எழுதினேன் சார். முகவரி தப்புன்னு வந்துச்சு. அடுத்த தடவை பூஜ்யம்னு போட்டேன். அனுப்பின ரெண்டாவது நிமிஷம் திரும்பிடுச்சு. படிச்சுக்கூடப் பாக்கலை.”

“எவன்மா அவன்? சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கறானா? உக்காந்த இடத்துல இருந்து ஒரு குடும்பத்தையே தெருவுல தள்ளுவானா? பேரைச் சொல்லு, உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!”

“பேரு வராது சார். திருப்பினவரோட ஊழியர் எண் மட்டும்தான் வரும். இந்தாங்க.”

திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் குனிந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார். மூன்று வரியிலும் ஒரே எண்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கை தானாகப் போய் மறைத்தது. அப்படியே மெதுவாகச் சட்டைப் பைக்குள் தள்ளியது.

“போடும்மா.” குரல் அடியோடு இறங்கிவிட்டது. “இந்தத் தடவை திரும்பாது.”

மலைக்காரம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நீங்க நல்லா இருக்கணும் சாமி. உங்களை மாதிரி ஒருத்தர் அந்த ஆபீஸ்ல இருந்திருந்தா, எங்களுக்கு ஏன் இந்த அலைச்சல்?”