சிறிய எழுத்துப் பெயர்கள்

எண்பத்தெட்டாம் வருடம் செஞ்சியில் ஒரு விவசாயச் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மெஹர் பானு நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் அடித்துவைத்தாள். இருப்பவர்களுக்குப் பெரிய எழுத்து. இறந்தவர்களின் பங்கு வாரிசுக்கு மாறும்வரை பெயரை அழிக்கக் கூடாது என்பதால் அவர்களுக்குச் சிறிய எழுத்து. பெரிய எழுத்தில் தேடினால் இறந்துபோன முப்பத்தேழு பேரும் பட்டியலில் வரமாட்டார்கள்.

ஆடி மாதம் புதிதாக வந்த செயலாளர் விமலநாதன் வேறொரு பிளாப்பியைப் போட்டார். அந்தப் புரோகிராமுக்கு இரண்டு எழுத்தும் ஒன்றுதான்.

“தமிழ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு இன்னாமா இருக்குது?” என்றவர், அவள் வாயைத் திறப்பதற்குள் பட்டியலோடு அனந்தபுரத்துக்கு விதை மல்லாட்டைக் கடலை கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினார். “ஒரு மூட்டகூட மீதியில்ல. நானூத்திப் பன்னெண்டு பேரும் வந்து வாங்கினு போய்ட்டாங்க.”

மெஹர் பானு பட்டியலைப் புரட்டினாள். எந்தப் பெயருக்கு எதிரிலும் இடம் காலியாக இல்லை. சர்தார் என்ற பெயருக்கு எதிரே பாதிக் கட்டைவிரல் பதிந்திருந்தது. அவளுடைய அத்தாவுக்கு அந்த விரலின் மறுபாதி எண்ணெய்ச் செக்கில் போனது. அவரை அடக்கம் செய்து மூன்று வருடமாகிறது.

அவள் விரல் நின்ற இடத்தைச் செயலாளர் எட்டிப் பார்த்தார்.

“உங்க அத்தாவாமே? நல்ல மனுஷன். மூட்டைய வூட்ல எறக்கிட்டு, உங்கம்மாவ இட்டுனு போறேன்னு உன்னாண்ட சொல்லச் சொன்னாரு.”