டாக்டருக்கு எந்த சபை?

"டாக்டருக்கு எந்த சபை?"

ரெனிஷுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சர்ஜன் படம் போட்டு ஆப்ரேசனை விளக்கிக்கொண்டிருக்கிறார். அப்பா கேட்கிற கேள்வியைப் பாரு!

நாகர்கோவில் சர்ஜன் நல்ல மனுஷன். சிரித்தார். "சி.எஸ்.ஐ. தான் ஐயா. சொந்த ஊர் தக்கலை."

"சரி, யோசிச்சுச் சொல்லுகோம்" என்று அப்பா ரசலையன் எழுந்துவிட்டார். வெளியே வந்ததும், "இவரு வேண்டாம் மக்கா" என்றார்.

"நம்ம சபைக்காரர்தானே! பின்ன என்ன குறை?"

"வேண்டாம்னா வேண்டாம்."

ரசலையனுக்குச் சோறு இறங்காது. விழுங்கினது நெஞ்சில் வந்து நிற்கும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத் தள்ளணும். தள்ளினதில் பாதி திரும்பி வரும். வருஷக்கணக்காக இந்தப் பாடு. குழாய் விட்டுப் பார்த்தாச்சு, புற்று கிற்று ஒன்றும் இல்லை. உணவுக்குழாய் வயிற்றில் சேருகிற வாசல் திறக்க மாட்டேன் என்கிறது, அந்த இடத்துத் தசையை லேசாகக் கீறிவிட்டால் போதும். ஆனால் இனியும் தள்ளிப்போட்டால் உடம்பு தாங்காது. இப்போதே சட்டை கொடியில் காயப்போட்ட மாதிரி தோளில் தொங்குகிறது.

அடுத்து ஒரு டாக்டரம்மா. பெந்தெகோஸ்தே, வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கருங்கல். வேண்டாமாம்.

அதற்கடுத்தவர் ஆர்.சி. "எங்க அம்மாவுக்கு உங்க ஊரு கொட்டாரம்தான்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னதுமே ரசலையன் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

காரில் ஏறினதும் ரெனிஷ் வெடித்தான். "சி.எஸ்.ஐ. ஆகாது, பெந்தெகோஸ்தே ஆகாது, ஆர்.சி.யும் ஆகாது. இனி பிஷப்பே வந்து கத்தியைப் பிடிக்கணுமோ? பட்டினியில உசுரு போற நேரத்துலயும் சபை பாக்கியளே, வெக்கமா இல்லியா? ஜெஸ்மிக்க கல்யாணத்துல பெண்ணுக்கு அப்பான்னு நிக்க ஆளு வேண்டாமா?"

ஜெஸ்மி அவன் தங்கை. அவள் பெயரைக் கேட்டதும் ரசலையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரோட்டைப் பாத்து ஓட்டு மக்கா."

கடைசியில் திருவனந்தபுரம். களியக்காவிளை தாண்டும்போது ரெனிஷ் கெஞ்சினான். "அப்பா, உங்க காலைப் பிடிக்கேன். அங்க போயி சபை கிபைன்னு வாயைத் திறக்காதீங்க."

"இல்ல மக்கா, திறக்க மாட்டேன்."

நாற்காலியில் உட்காருவதற்குள் திறந்துவிட்டார். "சாருக்கு ஊரு எது? எந்த சபை?"

ரெனிஷ் அவர் காலை மிதித்தான்.

"கோழிக்கோடு. முஸ்லிமாக்கும்" என்றார் டாக்டர்.

"நாகர்கோவில் பக்கம் சொந்தம், பழக்கம் யாராவது?"

"ஆரும் இல்லியே."

ரசலையன் முகம் மலர்ந்துவிட்டது. "ஆப்ரேசன் எப்ப வைக்கலாம் சாரே?"

ரெனிஷ் காரில் வந்து உட்கார்ந்தான். சாவியைத் தொடவில்லை. "இப்ப எனக்கு விஷயம் தெரியணும். இல்லன்னா வண்டி நகராது."

"நம்ம பக்கத்து டாக்டர் ஆரா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவாரு மக்கா. நல்ல மனசோட போதகர்ட்ட சொல்லுவாரு. போதகரும் நல்ல மனசோட மைக்குல சொல்லுவாரு, 'சகோதரன் ரசலையனுக்க தொண்டை ஆப்ரேசனுக்காக ஜெபிப்போம்'னு. தொண்டைன்னா ஊருக்குப் புற்றுதான். கோயில்ல ஜெஸ்மிக்க கல்யாண ஓலை இன்னும் வாசிச்சு அறிவிக்கல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்தா? எத்தனை சம்பந்தம் தட்டிப்போயி இது கூடி வந்திருக்கு!"

ரெனிஷுக்குக் கோபம் போகவில்லை, இன்னும் கூடத்தான் செய்தது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"ஒனக்கு வாய் நிக்காது மக்கா."

செல்போன் அடித்தது. ரசலையன் பதறிப்போனார். மார்த்தாண்டம் சத்தியநேசன், மாப்பிள்ளையின் அப்பா! மூச்சு விடாதே என்று மகனுக்குச் சைகை காட்டிவிட்டு, காது மந்தமானதால் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்மந்தி, சுகந்தானா? எங்க நிக்கிய?"

"சுகம், சுகம். இங்கதான், கொட்டாரத்துல. வயலுக்கு வந்தேன்."

பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர், "தம்பானூர், தம்பானூர்!" என்று திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டின் பேரைக் கத்தினான்.

சத்தியநேசன் குரலைத் தாழ்த்தினார்.

"சம்மந்தி, பெண்ணு பாக்க வந்த அன்னைக்கு, ஒரு துண்டு கேக்குக்கு நீங்க ஒரு செம்புத் தண்ணி குடிச்சதை எனக்க வீட்டுக்காரி பாத்துட்டா. கேட்டா உங்களுக்குச் சங்கடம்னு கேக்கல்ல. அன்னையில இருந்து எங்க கோயில்ல வாராவாரம் ஜெபம் நடக்கு. நல்ல டாக்டர் யாரும் அமைஞ்சாச்சா?"

ரசலையனுக்கு வேர்த்துவிட்டது. "ஜெபமா? மைக்குலயா? எனக்க பேரைச் சொல்லியா?"

"பேரைச் சொல்லுவோமா சம்மந்தி? 'எங்க வீட்டு ஆளு ஒருத்தரு'ன்னுதான் சொல்லியிருக்கோம்."