துணைப் பாத்திரங்களுக்கு ஒன்பது

"வில்லனுக்கு நாலு மார்க். தரையில நெத்தியை வெச்சுக் கேட்டாலும் அதுக்கு மேல ஏறாது!"

இனாகாகி பேனாவை மேஜைமேல் போட்டார். எதிரே ஹயாசே குனிந்த தலை நிமிராமல் நின்றிருந்தார். இரண்டு கைகளிலும் ஒரு இனிப்புப் பெட்டி.

டோக்கியோவில் அந்த வீடியோ கேம் வாரப் பத்திரிகையைப் பார்க்காமல் எந்தக் கடைக்காரரும் சரக்கு எடுப்பதில்லை. நாலு நடுவர்கள், ஒவ்வொரு அம்சத்துக்கும் ஆளுக்குப் பத்து மார்க். நாலு பேரில் இனாகாகிக்குத்தான் வாய் நீளம், கை சுருக்கம். ஹயாசே நடத்துவதோ ஏழே பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. இந்த ஒரு விளையாட்டு ஓடாவிட்டால் ஏழு பேரும் தெருவுக்கு வரவேண்டியதுதான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகிறது. இப்போது மணி மூன்று.

"மார்க் ஏத்தச் சொல்லி வரலை சார். இந்த வாரம் எங்க விமர்சனத்தைப் போடவே வேண்டாம்னு கேட்டுக்கத்தான்..."

"அது சரி! நாலுன்னதும் ஓட்டமா? முதல்ல உட்காருங்க. நான் என்ன திட்டி மட்டுமா எழுதியிருக்கேன்? துணைப் பாத்திரங்களுக்கு ஒன்பது போட்டிருக்கேன், தெரியுமா?"

ஹயாசே சட்டென்று நிமிர்ந்தார். "யாருக்கு?"

"ஊர் ஜனங்களுக்குய்யா! பத்து வருஷமா இதே பொழப்பா இருக்கேன். எந்த விளையாட்டுல பார்த்தாலும் ஊர்க்காரன் 'வடக்கே ஒரு குகை இருக்கு'ன்னு ஒரே வரியை ஒப்பிச்சுக்கிட்டு நிப்பான். உங்க ஊர்ல ஒருத்தர்கூட சொன்னதைத் திருப்பிச் சொல்லலை. நேத்துப் பேசினதை இன்னிக்கு ஞாபகம் வெச்சுக்கிட்டுக் கேக்கறாங்க. அடேயப்பா, எப்படிச் செஞ்சீங்க?"

ஹயாசே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. பாராட்டைத் தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று இனாகாகி நினைத்துக்கொண்டார்.

"யாரு... என்ன சொன்னாங்க சார்?"

"நல்லா இருக்கே! நீங்க பண்ணின விளையாட்டு, என்னைக் கேக்கறீங்க?"

"நான் புரோகிராம் மட்டும்தான். வசனமெல்லாம் என் மனைவியோட பொறுப்பு."

"அப்ப அந்த அம்மாவுக்குத்தான் மாலை போடணும். மூணாவது ஊர்ல ஒரு சத்திரக்காரி வர்றா பாருங்க! காலையில ஹீரோ கிளம்பறப்ப கூப்பிட்டு, 'இன்னிக்கும் சாக்ஸை மாத்திப் போட்டிருக்கீங்க. விளக்கைப் போட்டுப் பார்த்து மாட்டக் கூடாதா?'ங்கறா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. திரையில கட்டைவிரல் உயரப் பொம்மை, அதுக்கு ஏதுய்யா சாக்ஸ்?"

ஹயாசே தன் கால்களை மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ஆபீஸ் செருப்புக்குள் ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம்.

"அப்புறம்?"

"பேசறப்ப நடுநடுவே நிறுத்தறா. ரெண்டு புள்ளி வெச்சுட்டு அப்புறம்தான் மீதி. மூச்சு வாங்கறது எழுத்திலேயே தெரியுது. ஆனா ஒரு குறை. 'என் வீட்டுக்காரரைப் பார்த்தா, எனக்காகக் காத்திருக்காம சூடா சாப்பிடச் சொல்லுங்க'ன்னு ஒரு சேதி கொடுக்கறா. ஒன்பது ஊரும் அலைஞ்சேன், அப்படி ஒரு ஆளே கிடையாது! சேதியை யார்கிட்டக் கொண்டுபோய்ச் சேர்க்கறது? அதுக்குத்தான் பத்துல ஒண்ணை வெட்டினேன்."

ஹயாசே பெட்டியை மடியில் விட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இனாகாகிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. ஒரு மார்க்குக்கா இந்த அழுகை?

"சரி, சரி... வில்லன் விஷயத்துக்கு வருவோம்," என்றார், குரலைத் தாழ்த்தி. "கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு ஊர் ஊரா வர்றான். நல்லவங்களாப் பார்த்துக் கூட்டிக்கிட்டுப் போயிடறான். பழிவாங்கவும் இல்லை, பேராசையும் இல்லை. ஏன் செய்யறான்னு ஒரு வரி வேண்டாமா? காரணமே இல்லாத வில்லனை எவன் நம்புவான்? வீட்டுக்குப் போய் அந்த அம்மாகிட்ட ஒரே ஒரு காரணம் எழுதி வாங்கிட்டு வாங்க. ஏழு போடறேன்."

"அவளுக்கும் தெரியலை சார். எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தா."

இனாகாகி பதில் சொல்வதற்குள் உதவி ஆசிரியை மனாபே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் மூன்று தாள்கள்.

"சார், மத்த மூணு நடுவர்களும் மார்க்கே போடலை. 'ஊரெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கு, பேசறதுக்கு ஒரு ஈ காக்கா இல்லை'ன்னு மூணு பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. நீங்க வேற கேசட்ல விளையாடினீங்களா?"

"இல்லையேம்மா! இருந்ததே ஒரு கேசட். என்கிட்டேருந்துதான் அவங்களுக்குப் போச்சு." சொல்லிக்கொண்டே இனாகாகி மூன்று தாள்களையும் பிடுங்கிப் பார்த்தார்.

ஹயாசே எழுந்து, இனிப்புப் பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"அதுக்கு மன்னிப்புக் கேட்டு, விமர்சனத்தை நிறுத்தத்தான் சார் வந்தேன். விளையாட்டுக்குள்ள ஆளுங்களை வைக்கறதுக்கு முந்தி எடுத்த மாதிரிக் கேசட்டைத் தப்பா அனுப்பிட்டோம். சத்திரக்காரி வசனத்துலேருந்து ஆரம்பிக்கறேன்னு சொல்லிட்டுப் பிப்ரவரியில ஆஸ்பத்திரிக்குப் போன என் மனைவி, ஒரு வரிகூட எழுதாமலே செத்துப்போயிட்டா."