பக்கத்துக் கொட்டகை

"அண்ணே, இன்னைக்கு ஏலத்துல உங்க கூட்டுக்குத்தான் முதல் விலை! புழுவுக்கு அப்படி என்னதான் தீனி போட்டீங்க?"

அரூரிலிருந்து கூடு விற்க வந்திருந்த மாதவராஜ் கேட்டதும் வெங்கடாசலம் கூச்சத்தோடு சிரித்தார். தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு இருபது வருஷமாகக் கூடு கொண்டுவருகிறவர். முதல் விலை கிடைத்தது இன்றைக்குத்தான். துள்ளிக் குதிக்க வேண்டிய மனுஷன், எதையோ பறிகொடுத்தவர் போல டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் போடற மல்பெரி இலைதாங்க. வளர்க்கற விதம் மட்டும் பக்கத்துக் கொட்டகையப் பார்த்துக் கத்துக்கிட்டது."

"யாரு கொட்டகை?"

"காசியம்மான்னு ஒருத்தங்க. வேலிக்கு அந்தப் பக்கம் அவங்க அப்பா நெலம். தனியாளா வளர்க்கறாங்க. அவங்க கூட்டுக்கு அடிச்சுப் பிடிச்சு ஏலம் கேப்பாங்க. என்னுதத் தொட்டுப் பார்க்கவும் ஆள் வராது."

"உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுனாங்களா?"

"புழுக் கொட்டகைக்குள்ள வெளியாள விடுவாங்களா? நோய் வந்துடுமே. வேலியோரமா நின்னு பார்த்ததுதான். வெயில் ஏறதுக்கு முன்ன இலை அறுப்பாங்க. கை காலு கழுவாம உள்ள போகமாட்டாங்க. சித்திரையில ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டுவாங்க. நானும் அதையே செஞ்சேன்."

"பொறாமையே வரலியா?"

வெங்கடாசலம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத்தான் யார் இருந்தார்கள்?

"வராம என்னங்க? வயிறு எரிஞ்சுது. ஒருநா தக்காளிக்கு அடிக்கற மருந்து டேங்க்க முதுகுல மாட்டிக்கிட்டு வேலி வரைக்கும் போயிட்டேன். காத்து அடிக்கற பக்கமா அடிச்சுவிட்டாப் போதும். அவங்க இலை பூரா விஷம். அத்தனை புழுவும் செத்துடும்."

"ஐயய்யோ! அப்புறம்?"

"அந்தம்மா இலை அறுத்துட்டிருந்தாங்க. பழுத்த இலைய ஒவ்வொண்ணா பொறுக்கி வீசுனாங்க. நான் ஒருநாளும் அப்படிப் பார்த்துப் போட்டதில்லீங்க. வெக்கமாப் போச்சு. டேங்க்க எறக்கி வெச்சுட்டு, என் தோட்டத்துல போய் நானும் இலை பொறுக்க ஆரம்பிச்சேன்."

மாதவராஜ் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார். "நேராப் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. உங்களப் பார்த்துத்தான் இப்படி வந்தேன்னு."

"எத்தனையோ தடவ போய்த் திரும்பிட்டேங்க. வாய் வரல."

"சரி, மொதல்ல வூட்டுக்குப் போன் போடுங்க. அண்ணி சந்தோஷப்படுவாங்க."

வெங்கடாசலம் போனை எடுத்தார். பெயரைத் தேடிப் பிடித்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டார். தானே பொங்கித் தானே தின்கிற வீடு நினைவுக்கு வந்தது.

"வூட்ல யாரும் இல்லீங்க."

"ஏண்ணே, அண்ணி எங்க?"

"அவளப் பத்தித்தாங்க இவ்வளவு நேரம் சொல்லிட்டிருக்கேன். என்னவிட நல்லா வளர்க்கறாளேன்னு பொறுக்காம, நாலு வருஷத்துக்கு முன்ன அவள அவங்கப்பன் நெலத்துக்குத் துரத்திவிட்டவன் நான்தான்."