நோபாந்துவின் முதல் சொல்

மாட்டுத் தொழுவத்துக்கு முன்னால் நோபாந்து மண்டியிட்டிருக்கிறாள். ஐம்பது வயது உடம்பெங்கும் சடங்குக்காகப் பூசிய வெள்ளைக் களிமண், உச்சி வெயிலில் காய்ந்து கழுத்தில் வெடித்துக் கிடக்கிறது. முரசு நின்றுவிட்டது. முன்னோர் கனவில் தந்த பாட்டை அவள்தான் எடுக்க வேண்டும். வேறு வாய் எடுத்தால், முன்னோர் அழைப்பாக அவளுக்கு வந்த நோய் உள்ளேயே தங்கிவிடும். தாளம் தட்டக் காத்திருக்கும் பெண்களின் கைகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. அவள் உதட்டில் ஒரு ஈ. அவள் விரட்டவில்லை. “அவளுக்கு வராதும்மா. பாட்டு எனக்குத் தெரியும், நானே பாடிடறேன்” என்று வேலியோரம் எழுகிறான் கணவன் மெசுலி. முப்பது வருஷமாக அவளுக்கும் சேர்த்துப் பேசிய வாய். “உக்காருங்கய்யா. அவ அப்பன் வீட்டு முன்னோருங்க உங்க தொண்டையிலயா வந்து நிக்கறாங்க?” என்கிறாள் சடங்கை நடத்தும் குறிசொல்லி லிண்டெகா, அவனுக்கு மகள் வயதுக்காரி. யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். மெசுலி உட்காரவில்லை, இருமித் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறான். நோபாந்துவின் கழுத்து நரம்பு புடைக்கிறது. களிமண் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கரகரத்து வெளியே வருவது பாட்டு இல்லை. “உக்காரு.” அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெசுலியின் முழங்கால்கள் தாமாக மடங்குகின்றன. அதே மூச்சில் அவள் பாட்டை எடுக்கிறாள்.