மேலே பிடி, பின்னால் பிடி

“தவசிக்கு அந்த மிஷின் வேண்டாம், முதலாளி.”

போடியில் யோசேப்பு கடை. ஊருக்கு மிஷின் ரம்பம் வந்த புதிது. மேஜைமேல் பெரிசும் சின்னதுமாக இரண்டு இருந்தன. சின்னதைத் தவசி தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற அவன் மச்சான் சோலைமலை இப்படிச் சொன்னதும் கடையே திரும்பிப் பார்த்தது.

தோட்டத்து முதலாளி ராஜாராமுக்கு எரிச்சல். “ஏன்டா வேண்டாம்?”

“வேண்டாம்னா வேண்டாம்தான். பெரிசை வாங்குங்க.”

யோசேப்பு சமாதானமாக எடுத்துச் சொன்னார். “பெரிசுக்குப் பிடி பின்னால இருக்கு. தரையில காலை ஊன்றி, ரெண்டு கையும் போட்டு, விழுந்த மரத்தை அறுக்கலாம். சின்னதுக்குப் பிடி மேல. மரம் ஏறுறவனுக்குன்னே செஞ்சது. உங்களுக்கு எந்தச் சோலிக்கு?”

“கொப்புக் கழிக்கத்தான்,” என்றார் ராஜாராம். குரங்கணிக்கு மேலே அவருக்கு ஏலத்தோட்டம். மழைக்கு முன்னால் பெரிய மரங்களில் ஏறிக் கிளை கழித்தால்தான் கீழே செடிக்கு வெயில் இறங்கும். “தவசி மாதிரி ஏறுறவன் எங்க மலையிலேயே கிடையாது. இதைக் கொடுத்தா ஒத்தை ஆளா அத்தனை பேர் சோலியையும் பார்த்துருவான்.”

“ஏறுறவனுக்குக் கயிறு யாரு பிடிக்கிறது?” என்று கேட்டார் யோசேப்பு.

“இந்தா நிக்கிறானே, இவன்தான். தவசி இடுப்புல ஒரு நுனி, இவன் இடுப்புல ஒரு நுனி. பொண்டாட்டி கூடப்பிறந்தவன்தான் பிடிக்கணும். அது எங்க பக்கத்து வழக்கம். தங்கச்சி தாலிக்குப் பயந்தாவது விடமாட்டான்ல!”

யோசேப்பு சிரித்தார். தவசியும் சிரித்தான். உள்ளங்கை வியர்த்து மிஷின் வழுக்கியது.

அவனுக்குத்தான் தெரியும். கொஞ்ச காலமாகப் பாதி மரம் ஏறினாலே கண்ணைக் கட்டுகிறது. தரையில் ஒன்றும் இல்லை. மேலே போனால் கிளையும் வானமும் ஒன்றாய்ச் சுற்றுகின்றன. மரத்தைக் கட்டிப்பிடித்து, அது அடங்கும்வரை காத்திருந்துதான் அரிவாளை ஓங்குவான். மனைவி வேலுத்தாயிடம்கூட வாய் திறக்கவில்லை. ஏற முடியாதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? முழங்கால் போன ஜக்கையனை, “ஊர்ல போய் ஆடு மேய்ப்பா” என்று இறக்கிவிட்டவர்தான் இந்த முதலாளி.

இனி அந்த உச்சியில், சுற்றுகிற கண்ணோடு, ஓடுகிற சங்கிலிப் பல்லையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முடியாது என்றால் ஜக்கையன் கதி.

“சின்னதையே போடுங்க,” என்றார் ராஜாராம்.

சோலைமலை உள்ளே வந்துவிட்டான். “முதலாளி, போன காத்துக்கு விழுந்த மரமெல்லாம் செடிமேல கெடக்கு. அதை இந்தச் சாண் நீளத்தை வச்சா அறுப்பீக? பெரிசை வாங்கி இவன் கையில கொடுத்துக் கீழ நிப்பாட்டுங்க. மேல நான் ஏறுறேன். எனக்குக் கயிறு பிடிக்க என் மச்சினன் சுடலை இருக்கான். இவன் மேல போய் என்னத்தக் கிழிக்கிறான்? ஒரு கொப்பு விழுறதுக்குள்ள எனக்கு ஒரு தூக்கம் முடிஞ்சிருது!”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தவசிக்கு முகம் சுண்டிப்போனது.

“தங்கச்சி புருசன் பேரு வாங்குறது பொறுக்கலையாடா உனக்கு? வயித்தெரிச்சல் பிடிச்சவனே!” என்றார் ராஜாராம்.

“அப்படியே வச்சுக்கங்க. சின்னது வந்துச்சுன்னா நான் கயித்தைத் தொடமாட்டேன்.”

அதற்குமேல் பேச்சில்லை. மச்சான் தொடாத கயிற்றை வேறு எவன் தொடுவான்? முணுமுணுத்துக்கொண்டே ராஜாராம் பெரிசை வாங்கினார்.

ஜீப் குரங்கணிப் பாதையில் ஏறியது. முதலாளி முன்சீட்டில். பின்னால் மச்சானும் மாப்பிள்ளையும், நடுவில் மிஷின். தவசிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. ஆனாலும் அவமானம் ஆறவில்லை.

“நாலு பேர் முன்னால மானத்தை வாங்கிட்டீகளே, மச்சான்.”

சோலைமலை முதலாளியின் முதுகைப் பார்த்தான். ஒரு வளைவு திரும்பியதும், முன்சீட்டுக்குக் கேட்காதபடி குனிந்தான்.

“கிறுகிறுப்பு இப்ப எப்படி இருக்கு, மாப்ளே?”

தவசி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். “அப்ப… அதுக்காகவா? வயித்தெரிச்சல்காரன்னு பேரு வாங்கிக்கிட்டு…”

“பேருதானே. கீழ விழுந்தா கையா காலா ஒடியப்போகுது?”

தவசி துண்டால் கண்ணைத் துடைத்தான்.

“நான் யாருகிட்டயும் சொல்லலையே, மச்சான். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சோலைமலை தன் இடுப்பைத் தட்டிக் காட்டினான்.

“மேல நீ நடுங்குனா இங்க நடுங்காதா? கயித்துல ஒரு நுனிதானே உங்கிட்ட இருக்கு!”